சூரியனைத் தினமும் குறித்துவைத்தவர்கள்

2024 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் திகதி, பிற்பகல் நான்கு மணி. புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமமான உடப்பில் உறவினர் வீட்டு முற்றத்தில் என் சிறிய தொலைநோக்கியை நிறுத்தியிருந்தேன். வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர். குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். கொழும்பில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கியது. குழலைச் சூரியன் பக்கம் திருப்பி, கண்வில்லைக்குப் பின்னால் ஒன்றரை அடி தூரத்தில் வெள்ளை மட்டையொன்றைப் பிடித்தேன். ஏறத்தாழ 11 சென்ரிமீட்டர் அகலத்தில் சூரியனின் உருவம் மட்டையில் விழுந்தது. அதன் நடுவே, சற்றுக் கீழே, மை கொட்டியது போல ஒரு கறை.

பாடசாலை விட்டு வந்த சிறுவர் நால்வர் வேலியோரம் நின்றனர். அவர்களில் ஒருவன் வில்லையில் அழுக்குப் படிந்திருப்பதாகவும் அதைத் துடைக்கவேண்டும் என்றும் சொன்னான். நல்ல சந்தேகந்தான். கண்வில்லையைச் சுழற்றிக் காட்டினேன், கறை சுழலவில்லை. குழலை மெல்லத் தட்டினேன். சூரிய உருவம் அசைந்தபோது கறையும் அதனோடு சேர்ந்தே அசைந்தது. ஆகவே அது வில்லையில் இல்லை, சூரியனில் இருக்கிறது என்று அவனே தீர்ப்புச் சொன்னான். அந்த மட்டையில் பூமியை வரைவதென்றால் ஒரு மில்லிமீட்டர்ப் புள்ளி போதும். கறையோ பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாது. மறுநாள் இரவும் அதற்கடுத்த இரவும் அதே கறைத் தொகுதியிலிருந்து கிளம்பிய வெடிப்புகளால் உலகின் பல பாகங்களில் வானம் சிவந்தது. இந்தியாவின் லடாக்கில் கூட அந்தச் சிவப்பைப் படம்பிடித்தார்கள்.

சூரிய களங்கம் என்றும் சூரியப் புள்ளி என்றும் நாம் அழைக்கும் இந்தக் கறைகளைச் சிறிய வில்லைகள் கொண்டு பார்த்து, வரைந்து, படமெடுத்து வைத்த மனிதர்களைப் பற்றிச் சில வருடங்களாகவே எழுத நினைத்திருந்தேன். அன்று அந்தச் சிறுவன் கிளப்பிய சந்தேகம் எழுத வைத்துவிட்டது.

எங்கள் கரையோரத்துக்குச் சூரியன் புதிய செய்தியல்ல. புத்தளத்திலும் பாலாவியிலும் உப்புப் பாத்தி கட்டியவர்களுக்குச் சூரியனே முதலாளி. வெயில் காய்ந்தால் உப்பு. மழை பெய்தால் பட்ட பாடெல்லாம் தண்ணீர். ஆனால் சூரியனை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் மட்டும் இங்கு இருந்ததில்லை. கிரகண நாளில் சாணம் கரைத்த நீரையோ மஞ்சள் நீரையோ பாத்திரத்தில் வைத்து அதில் விழும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். அதுவும் ஆண்கள் மட்டுமே. பெண்களும் பிள்ளைகளும் கதவுக்குள்.

என் தாயார் அப்படிக் கதவுக்குள் அடைக்கப்பட்ட ஒரு காலையை அடிக்கடி சொல்வார். 1955 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் திகதி. அவருக்கு அப்போது வயது பதினொன்று. காலை எட்டு மணியளவில் இருள் வந்தது. கோழிகள் திரும்பவும் கூட்டுக்குள் போயின, கடற்கரையில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றது, பாட்டி விளக்கேற்றினார். இவ்வளவுதான் அவருடைய நினைவு. சூரியனை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் மேகந்தான் தெரிந்திருக்கும் என்று பின்னாளில் நான் சொன்னபோது அவருக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

அது சாதாரணக் கிரகணமல்ல. உலகின் வேறோரிடத்தில் ஏழு நிமிடங்களையும் தாண்டி நீடித்த, இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணம். அதன் நிழற்பாதை இந்து சமுத்திரத்திலிருந்து இலங்கையின் மேற்குக் கரையில் ஏறி, நடுப்பகுதி வழியாகக் கிழக்கே சென்றது. புத்தளம், சிலாபம் கரையோரமும் அந்தப் பாதைக்குள் அடங்கியிருந்தது. பல நாடுகளின் விஞ்ஞானிகள் பெட்டி பெட்டியாகக் கருவிகளைக் கொண்டுவந்து பொலன்னறுவை, ஹிங்குராக்கொடைப் பகுதிகளில் முகாமிட்டிருந்தனர். மாதக்கணக்கில் ஆயத்தம். குறித்த நேரத்தில் மேகம் மூடிவிட்டது. பெட்டிகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிரகணத்தைப் பற்றி நம் நாட்டில் நிலைத்த நினைவு வேறொன்று. கிரகண வேளையில் வசம்புச் சாறு குடித்தால் மேனி வெளுக்கும் என்றொரு வதந்தி பரவியது. குடித்த பெண்கள் பலர் நோயுற்று வைத்தியசாலைகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டனர். ‘வதகஹ சுதிய’ என்ற கேலிப் பெயர் சிங்களத்தில் வழங்கியது இதனால்தான். ஒரு தேசமே வானத்தைப் பார்க்கவேண்டிய நாளில் மேனி நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதலாம். ஆனால் பார்க்கக் கற்றுக்கொடுக்காதவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். ஆதலால் விட்டுவிடுகிறேன்.

கிரகணத்துக்காகக் கப்பலேறி வந்தவர்கள் நம் கரைகளுக்குப் புதியவர்கள் அல்லர். 1871 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் திகதியின் முழுக் கிரகணத்துக்காக நோர்மன் லொக்கியர் தலைமையில் பிரித்தானியக் குழுவொன்று கடல்வழி வந்து, சில பகுதிகளாகப் பிரிந்தது. லொக்கியர் மலபார்க் கரையில் பேக்கல் கோட்டையில் நின்றார். இன்னொரு குழு யாழ்ப்பாணத்தில் நின்றது. திருகோணமலையில் நின்றவர் எச். என். மோஸ்லி, பின்னர் ‘சலஞ்சர்’ கப்பலில் உலகைச் சுற்றிய அதே இயற்கை அறிஞர். சூரியனைச் சுற்றியுள்ள ஒளிமகுடத்தின் நிறமாலையை ஆராய்வதே நோக்கம். அந்த முறை வானம் கைகொடுத்தது.

இத்தகைய பயணங்கள் வீரதீரக் கதைகள். பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தவை, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் சூரியனைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும் பகுதி இப்படிச் சில நிமிடங்களில் கிடைத்ததல்ல. எந்த விசேடமும் இல்லாத நாட்களில், எந்தப் பரபரப்பும் இன்றி, சிறிய வில்லையொன்றின் பின்னால் நின்று ‘இன்று இத்தனை புள்ளிகள்’ என்று குறித்துவைத்தவர்களால் கிடைத்தது. அவர்களுள் பலர் அதற்காகச் சம்பளம் பெற்றவர்கள் அல்லர்.

முதலில் சொல்லவேண்டியவர் ஜேர்மனியின் தெசாவ் நகரத்து மருந்துக்கடைக்காரர் சாமுவேல் ஹைன்ரிஹ் ஷ்வாப. புதனுக்கும் உள்ளே, சூரியனுக்கு அருகே, ஒரு புதிய கோள் சுற்றுவதாக அக்காலத்தில் சிலர் நம்பினர். அது சூரியனைக் கடக்கும்போது கரும்புள்ளியாகத் தெரியும். ஆகவே சூரியனிலுள்ள மற்றப் புள்ளிகளையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தால் புதியதை அடையாளம் காணலாம் என்று ஷ்வாப எண்ணினார். 1826 இல் தொடங்கினார். தொழிலையும் விற்றுவிட்டார். வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் சூரியனைப் பார்த்தார். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ முந்நூறு நாட்கள். தேடிய கோள் கிடைக்கவில்லை. அப்படியொரு கோள் இல்லை. ஆனால் 1843 இல் தம் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தவர், புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டு அறிவித்தார். அது சராசரியாகப் பதினொரு ஆண்டு என்று பிறகு திருத்தப்பட்டது. முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. 1857 இல் இலண்டனின் அரச வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

ஷ்வாபவின் குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தவை புள்ளிகளே இல்லாத நாட்கள். ‘இன்று எதுவும் இல்லை’ என்று அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பதினொரு ஆண்டுக் கணக்கு வெளிப்பட்டிருக்காது. செய்தி ஆசிரியனாக இருந்தவனுக்கு இது கசப்பான பாடம். ஒன்றும் நடக்காத நாளை நாங்கள் பதிவு செய்வதில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பிடித்தது தாது வருடப் பஞ்சம். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பிய குடும்பங்களுள் எத்தனையோ பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தன. மலையகத் தமிழரின் வரலாற்றில் இது முக்கிய அத்தியாயம். அதே பஞ்சம் இன்னொரு விதத்திலும் வரலாற்றில் நின்றது. சூரியப் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் பருவமழை பொய்க்கிறது என்றொரு கருத்தை, யாழ்ப்பாணத்துக்குக் குழு அனுப்பிய அதே லொக்கியரும் வில்லியம் ஹண்டரும் 1877 இல் எழுதினார்கள். சூரியனைத் தினமும் கண்காணித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற ஆசை அரசாங்கத்துக்கும் உண்டாயிற்று. சென்னைக்குத் தெற்கே மலையுச்சியில் சூரியனுக்கென ஒரு ஆய்வகம் அமைக்கும் யோசனை வலுப்பெற்றதற்கு அது ஒரு காரணம். 1895 இல் கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார் சென்னை ஆளுநர் வென்லொக் பிரபு. 1899 இல் சென்னை வானாய்வகத்தின் பணிகள் மலைக்கு மாற்றப்பட்டன. உயரம் 2,343 மீட்டர். முதல் இயக்குநர் சார்ள்ஸ் மிச்சி ஸ்மித்.

பஞ்சத்தை எதிர்வு கூறும் அந்த ஆசை நிறைவேறவில்லை. புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை. அந்தப் பஞ்சத்துக்கு வானத்தில் மட்டும் காரணம் தேடியவர்கள், பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனாலும் அந்த ஆய்வகம் நின்றது. அதில் ஒரு மனிதர் வந்து சேர்ந்தார்.

ஜோன் எவர்ஷெட் 1864 இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் பிறந்தவர். தொழில், இலண்டன் நிறுவனமொன்றில் எண்ணெய்களையும் இரசாயனப் பொருட்களையும் பகுப்பாய்வது. சூரியன் அவருக்குப் பொழுதுபோக்கு. வேலை முடிந்த நேரத்தில் கென்லியில் தம் வீட்டருகே அமைத்த சொந்த ஆய்வகத்தில் சூரியப் பிழம்புகளின் நிறமாலையைப் படமெடுத்தார். பிரித்தானிய வானியல் கழகம் என்னும் தொழில்சாரா ஆர்வலர் சங்கத்தின் உறுப்பினர். 1898 ஆம் ஆண்டு ஜனவரி 22 ஆம் திகதிக் கிரகணத்துக்காக அச்சங்கத்தின் குழுவோடு விதர்ப்பப் பிரதேசத்துத் தல்னி என்னும் ஊருக்கு வந்தார்.

அந்தத் தல்னி முகாமில் இன்னொருவர் இருந்தார். அவரைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அவர் ஆனி மோண்டர். கிரீனிச் அரச ஆய்வகத்தில் மாதம் நான்கு பவுண் சம்பளத்துக்குக் கணக்காளராகச் சேர்ந்து, சூரியப் படங்களை அளந்தவர். 1895 இல் அங்கேயே பணிபுரிந்த வோல்டர் மோண்டரை மணந்தார். மணமான பெண் அரச சேவையில் இருக்கலாகாது என்பது அன்றைய விதி; வேலையை விட்டார். அப்படித்தான் அவர் ‘தொழில்சாரா’ வானியலாளர் ஆனார்! தல்னிக்கு அவர் கொண்டுவந்த கருவி ஒன்றரை அங்குல வில்லை பொருத்திய சிறு கமரா. சூரியனின் ஒளிமகுடத்திலிருந்து நீண்டு செல்லும் ஒளிக்கதிர் ஒன்றை, சூரிய விட்டத்தைப் போல் பல மடங்கு தூரம் வரை, அந்தச் சிறு கமரா பதிவு செய்தது. அதுவரை எவருடைய படத்திலும் அவ்வளவு நீளத்துக்குக் கதிர் பதிந்ததில்லை. பிற்பாடு புள்ளிகள் சூரியனின் நடுக்கோட்டை நோக்கி ஆண்டுதோறும் இறங்கிவருவதைக் கணவனும் மனைவியுமாக வரைபடமாக்கினார்கள். வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தது போன்ற அந்த வரைபடம் 1904 இல் வெளியானது. இன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது.

எவர்ஷெட் 1907 ஜனவரியில் கொடைக்கானலுக்கு வந்தார். நாற்பத்து மூன்றாவது வயதை எட்டவிருந்த அவருக்கு அதுவே வானியலில் முதல் சம்பள வேலை. மனைவி மேரியும் வானியலாளர். இருவரும் பழகியது 1896 இல் நோர்வேக்குச் சென்ற கிரகணப் பயணத்தில். 1909 ஜனவரி 5 ஆம் திகதி மலையில் காற்று அசைவற்று, சூரியனின் உருவம் நடுங்காமல் நின்றது. எவர்ஷெட் பெரிய புள்ளிகள் சிலவற்றின் நிறமாலையைப் படமெடுத்தார். புள்ளியின் நடுக் கருமையைச் சுற்றி இழை இழையாக ஒரு சாம்பல் வளையம் உண்டு. அந்த வளையத்தில் நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் சற்றே விலகியிருந்தன. புள்ளியின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, சூரியனின் மேற்பரப்போடு கிடையாக, விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் வாயு பாய்கிறது என்று அவர் விளக்கினார். உலகம் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்கிறது. தமிழ் மண்ணில் நடந்த மிகப் பெரிய வானியல் கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று. நம் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பர்?

எவர்ஷெட் 1911 இல் இயக்குநரானார். 1923 இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பி, மறுபடியும் சொந்தச் செலவில் வீட்டருகே ஆய்வகம் கட்டினார். தொழில்சாரா ஆர்வலராகத் தொடங்கி, தொழில்சாரா ஆர்வலராகவே முடித்தார். 1956 இல், தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தார்.

ஆனால் கொடைக்கானலின் உண்மையான செல்வம் 1909 ஜனவரி 5 அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. 1904 முதல் அங்கே வானம் விடும் ஒவ்வொரு நாளும் சூரியனைப் படமெடுத்தார்கள். முதலில் 10 சென்ரிமீட்டர் வில்லை. 1918 இலிருந்து 15 சென்ரிமீட்டர் வில்லை. அந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னை ஆய்வகத்துக்காகப் பாரிசில் வாங்கப்பட்டது. இன்று ஓரளவு வசதியுள்ள ஆர்வலர் எவரும் வாங்கக்கூடிய அளவுதான் அது. கண்ணாடித் தகடுகளில் 20 சென்ரிமீட்டர் அகலச் சூரியன். கோடைக் காலத்துக் காட்டுத்தீப் புகையிலும், இரண்டு உலகப் போர்களின்போதும், வெள்ளைக்கார அதிகாரிகள் போய் இந்திய அதிகாரிகள் வந்தபோதும் அந்தப் பணி நிற்கவில்லை. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அங்கே சூரியனைப் படமெடுத்திருக்கிறார்கள். அத்தகடுகள் அண்மைக் காலத்தில் கணினிக்கு ஏற்றப்பட்டன. உலகின் எந்த மூலையிலிருக்கும் ஆய்வாளரும் நூறு வருடத்துச் சூரியனை நாள்வாரியாகப் புரட்டலாம். இந்தியா 2023 செப்டம்பரில் அனுப்பிய ஆதித்யா விண்கலம் இப்போது பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்க்கிறது. பழைய சூரியனைப் பார்க்கவேண்டுமானால் அதற்கும் அந்தத் தகடுகள்தான்.

இதைப் படிக்கும் ஈழத்து வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நினைவு வரும். எனக்கும் வந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போனவை நூல்களும் ஓலைச்சுவடிகளும் மட்டுமல்ல. பழைய பத்திரிகைக் கோவைகளும் போயின. ஒரு நாளின் பத்திரிகைக்கு மறுநாள் மதிப்பில்லை. நூறு வருடத்தின் நாளிதழ்களுக்கு விலையே இல்லை. கண்ணாடித் தகடு எளிதில் உடையும் பொருள். அது ஒரு மலையுச்சியில் நூற்றிருபது வருடம் தப்பியிருக்கிறது. நம் காகிதம் தப்பவில்லை. வேறென்ன சொல்ல?

இலங்கையிலும் விடாது பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பிறந்து, இராணுவப் பொறியியலாளராகப் பணியாற்றிய பேர்சி மோல்ஸ்வேர்த், திருகோணமலையிலிருந்து சொந்தத் தொலைநோக்கியால் வியாழனை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1908 இல் அங்கேயே இறந்தார். அவருடைய நாட்டம் கோள்கள்; சூரியன் அல்ல. இருந்தும் இந்தத் தீவின் தெளிந்த வானத்தின் அருமையை உணர்ந்தவர் அவர்.

சூரியனைப் பார்க்க எங்கள் கரையோரம் உகந்ததா என்று ஒரு நண்பர் கேட்டார். பகலில் வெயிலால் நிலம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று கொதிக்கும் நீர்போல் அலைகிறது. சூரியனின் உருவம் நடுங்குகிறது. நீர் அவ்வளவு விரைவில் சூடேறாது. அதனால்தான் இராஜஸ்தானின் உதய்ப்பூரில் ஏரி நடுவிலுள்ள தீவில் சூரிய ஆய்வகம் கட்டினார்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கற்பிட்டி கிடக்கும் கோலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உதய்ப்பூர் நினைவு வரும். களப்பின் பக்கமிருந்து காற்று வரும் காலை வேளைகளில் புள்ளியைச் சுற்றியுள்ள சாம்பல் வளையம் என் சிறு தொலைநோக்கியிலும் பிரிந்து தெரிந்ததுண்டு. பத்து மணிக்கு மேல் எல்லாம் கலங்கிவிடும்.

ஆவல் கொண்டு எவரும் அவசரப்பட்டுக் கண்ணை வைத்துவிடக் கூடாது. தொலைநோக்கியில் நேரே சூரியனைப் பார்த்தால் கணப்பொழுதில் விழித்திரை வெந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் கெட்டது பிறகுதான் புரியும். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி எதுவும் காப்பாற்றாது. மலிவான தொலைநோக்கிகளோடு, கண்வில்லையில் திருகிப் பொருத்தும் கறுத்த சிறு கண்ணாடி ஒன்று வரும். என் முதல் தொலைநோக்கியோடும் வந்தது. குவிந்த வெப்பம் முழுவதும் அதில் விழும். ஒருநாள் நான் குறிப்பேட்டை எடுக்கக் குனிந்த நேரத்தில் ‘டக்’ என்று வெடித்துப் பிளந்தது. குனியாமல் இருந்திருந்தால் இக்கட்டுரையை ஒற்றைக் கண்ணோடு எழுதிக்கொண்டிருப்பேன். அதைக் கடலில் எறிந்தேன். குழலின் முன்வாய் முழுவதையும் மூடும்படி, சூரியனுக்கென்றே தயாரித்த வடிகட்டித் தாளைப் பொருத்துவது ஒரு வழி. படமெடுக்க விரும்புவோர் அதன் பின் கமராவை வைக்கலாம். கண்ணை வைக்காமல் மட்டையில் உருவத்தை வீழ்த்துவது மற்ற வழி. கலிலியோவின் மாணவர் கஸ்தெல்லி காட்டிய முறை அது. நானூறு வருடம் பழையது. சிறுவர்கள் குழலருகே வராமல் ஒரு பெரியவர் நிற்கவேண்டும்.

படமெடுப்பதைப் பற்றி ஒரு கணக்கு. வில்லையின் குவியத் தூரத்தை 109 ஆல் வகுத்தால் குவியத்தில் விழும் சூரியனின் அகலம் கிடைக்கும். என்னுடையதில் ஆறரை மில்லிமீட்டர். ஒரு மிளகுமணியைவிடச் சிறிது பெரியது. பிலிம் காலத்தில் அந்த மிளகை எடுத்துப் பெருப்பித்தால் மணல் மணலாய்த் தெரியும். முப்பத்தாறு படச் சுருளில் இரண்டு தேறினால் அதிர்ஷ்டம். இப்போது கைத்தொலைபேசியாலேயே மட்டையிலுள்ள உருவத்தைப் படமெடுத்துவிடுகிறார்கள். அன்று அந்தச் சிறுவனும் எடுத்தான். நான் பென்சிலால் வரைந்ததைவிட அவன் படம் தெளிவு. நான் இன்னும் வரைகிறேன். வரையும்போது கண் தேடுவது போலப் படமெடுக்கும்போது தேடுவதில்லை.

கிரகணத்தை நான் கைவிட்டுவிட்டதாக எண்ணவேண்டாம். 2010 ஜனவரி 15 ஆம் திகதி வளையக் கிரகணத்தின் பாதை இராமேஸ்வரத்தையும் வட இலங்கையையும் கடந்தது. யுத்தம் முடிந்து எட்டு மாதம். யாழ்ப்பாணத்தில், மதியம் கடந்த வேளையில், ஒழுங்கையொன்றில் இதே மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூரியன் மோதிரமாயிற்று. மதிலோரத்து வேப்பமரத்தின் இலை இடுக்குகள் வழியே விழுந்த வெளிச்சமெல்லாம் நூற்றுக்கணக்கான சிறு மோதிரங்களாக மண்ணில் கிடந்தன. வீட்டுக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி வந்து மட்டையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்து நிற்பவர்களைக் கண்டால் பயந்து ஓடிப் பழகிப்போயிற்று என்றார். விமானம் வருகிறதென்று நினைத்தாராம்.

அந்த நாளைப் பற்றி அப்போது நான் அனுப்பிய செய்தியில் இந்த மூதாட்டி இல்லை. இடமில்லை என்று நானே வெட்டினேன். என் குறிப்பேட்டில் இருக்கிறார்.

குறிப்பேடு ஒழுங்கானதல்ல. ஷ்வாபவைப் போல ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. நல்ல வருடத்தில் தொண்ணூறு. அலுவலகம், பயணம், காய்ச்சல், மழை. 2019 இல் பக்கம் பக்கமாக வெறும் வட்டங்கள். சூரியன் அடங்கியிருந்த காலம். அவற்றை வரைவதில் என்ன பயன் என்று வீட்டில் கேட்டார்கள். 2024 இல் வட்டத்துக்குள் இடம் போதவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் சூரியன் தன் உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதென்று விஞ்ஞானிகள் அறிவித்தனர். இனி இறங்குமுகம்.

உடப்புச் சிறுவனுக்கு ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியும், வட்டம் வரைய ஒரு தேநீர்க் கோப்பை மூடியும் கொடுத்துவிட்டு வந்தேன். தொலைநோக்கியை அங்கேயே, அவனுடைய தாய்மாமன் பொறுப்பில் விட்டிருக்கிறேன். இரு மாதம் கழித்துப் போனபோது கொப்பியை நீட்டினான். பதினேழு வட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் திகதியும் நேரமும். ஒரு பக்கத்தில் வட்டம் மட்டும் இருந்தது. அதற்குள் எதுவும் இல்லை. புள்ளியே இல்லையா என்று கேட்டேன். அன்று முழுவதும் மேகம் என்றான். ஆனாலும் பக்கத்தை விடக் கூடாதென்று வட்டத்தை மட்டும் போட்டானாம். அப்படியானால் ‘மேகம்’ என்று எழுதிவை, இல்லாவிட்டால் பின்னால் பார்ப்பவர்கள் புள்ளி இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றேன். பென்சிலைத் தேடி எடுத்து எழுதினான்.